சேலம் பஸ்ஸில் போன ஒயர் கூடைகள்

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. உனக்கு அம்மாவாகப் போகிற நான் இன்னும் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கிறேன். எட்டாவதில் ஒரு வருஷம் காய்ச்சலில் போய்விட்டதால் வகுப்பில் நான்தான் மூத்தவள். போன வாரம் பதினெட்டு முடிந்தது. இன்று சாயங்காலம் அடிவாரத்திலிருந்து அத்தை வந்தாள். என் அப்பாவின் அக்கா அவள். வந்ததும் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசம் இந்நேரம் என் மடியில ஒரு பேரன் இருக்கோணும் சாமி" என்றாள். நான் உன்னை நினைத்தது அப்போதுதான், அதற்கு முன்னால் நினைத்ததில்லை. எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்கள், உனக்குப் பேர்கூட வைத்துவிட்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த வீட்டில் நான் பேசக்கூடிய ஆள் நீ ஒருவன்தான் என்று தோன்றியது. உனக்கு இருபத்தைந்து வயது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதைவிடச் சின்னவனாக இருந்தால் என்மேல் உனக்குக் கோபம் வரும், புரியாது.

இதை எழுதுகிற இடம் கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற அறை. இப்போது இங்கே சரக்கு அதிகம் இல்லை, அதனால் கால் நீட்டி உட்கார இடம் இருக்கிறது. தாவரவியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை கட்டிலில் படுத்திருக்கிறாள். அவள் புரண்டால் கட்டில் கிறீச்சென்கிறது. ஒவ்வொரு தடவையும் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு, அவள் மூச்சு சீராகிறவரை இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மலைமேல் இருக்கிற இந்த நாகலூரில் ஜனவரிக் குளிர் எப்படி என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம், நீ அடிவாரத்தில் வளர்ந்திருப்பாய். கை விறைத்திருக்கிறது, எழுத்து கோணலாக வந்தால் அதனால்தான். பயத்தாலும் இருக்கலாம்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு முன்னால் அப்பா போதகரிடம் ஒரு காகிதம் கொடுப்பார். அதில் என் பெயரும் அத்தை மகனின் பெயரும் இருக்கும். மூன்று ஞாயிறு சபையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள், நான்காவது வாரம் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் எங்கள் சபையில் கல்யாணம் நடத்துவதில்லை, அதனால் அதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிறாள் அத்தை. என் பரீட்சை லெந்து நாட்களுக்கு நடுவில் வருகிறது. அது தொடங்கும்போது நான் அடிவாரத்தில், ரேடியேட்டர் ஆறுவதற்காகக் கார்கள் நிற்கிற அந்தத் திருப்பத்தில், அத்தை வீட்டு அடுப்படியில் இருப்பேன். உன் அப்பாவைப் பற்றிக் கெட்டதாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பஞ்சர் கடை வைத்திருக்கிறார், முப்பத்திரண்டு வயது, யார்மேலும் கையோங்கி நான் பார்த்ததில்லை. என்னைப் "பாப்பா" என்று கூப்பிடுவார். நான் நாலாவது படிக்கும்போதும் அப்படித்தான் கூப்பிட்டார்.

இத்தனை அவசரம் எதற்கு என்று நீ கேட்கலாம். எங்கள் கடையை மூடப் போகிறோம். மூடிவிட்டால் எங்களுக்கு மலையில் வேலை இல்லை, அத்தை வீட்டுக்குத்தான் போக வேண்டும். அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் சும்மா போய் உட்கார முடியாது, அதற்கு ஓர் உறவு வேண்டும். அந்த உறவு நான். கடையை மூடவைத்ததும் நான்தான், மகனே. இது அப்பாவுக்குத் தெரியாது. அவர் காகிதத்தைக் கொடுப்பதற்குள் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் தாத்தாவின் கடையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஓடு போட்ட ஒற்றை அறைக் கடை. சுற்றிலும் காபி எஸ்டேட். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருக்கிற பறிப்பு வேலைக்காரர்களும், மேலே தோட்டம் வைத்திருக்கிறவர்களும்தான் வாடிக்கை. அப்பா எதையும் உடைத்துக் கொடுப்பார். பார் சோப்பைக் கம்பியால் நாலாக அறுத்துக் கொடுப்பார். தேங்காயில் ஒரு பத்தை, மிளகாயில் ஒரு கைப்பிடி, காய்ச்சல் மாத்திரை ஒன்று. யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் எவ்வளவு பருப்பு ஆகும் என்று அந்த வீட்டுக்காரர்களைவிட அவருக்குத் தெரியும். "எட்டு கிலோ எதுக்குங்க? ஆறு போதும். பத்தலைன்னா கதவத் தட்டுங்க, எந்திரிச்சுத் தர்றேன்" என்பார். அத்தை வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாள். "யாவாரம் பண்ணுடான்னு கடை வெச்சுக் குடுத்தா எந்தம்பி ஊழியம் பண்ணிட்டு உக்காந்திருக்கான்" என்பாள். அப்பாவும் கூடச் சிரிப்பார். அவருக்கு அது வசவாகவே பட்டதில்லை.

நான் அந்தக் கடையை விரும்பவில்லை. இதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். காலையில் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றிவிட்டு, எத்தனை தடவை கை கழுவினாலும் அந்த வாடையோடுதான் ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "கடை வந்திருச்சு, ஜன்னலத் தெறடி" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

முதல் கூடை அற்புதம் அக்காவுடையது. லைனில் இருக்கிறவர், எங்கள் சபைதான், அப்பாவின் கடைக்கு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வருகிறவர். போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில், நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஓர் ஒயர் கூடையோடு வந்தார். கூடைப் பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. அவருடைய பேத்திக்கு ஞானஸ்நானம், வெள்ளை ஷூ வேண்டும். எங்கள் பஸ் ஏற்காடு வழியாகச் சேலத்துக்குப் போகிறது. கண்டக்டர் அண்ணன் சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் சாமான் சீட்டையும் பணத்தையும் கொடுத்தால், அவர்கள் கூடையை நிரப்பி வைப்பார்கள், சாயங்கால பஸ்ஸில் வந்து லைன் பக்கத்து ஸ்டாப்பில் இறங்கிவிடும். அவரோடு பேச அற்புதம் அக்காவுக்குக் கூச்சம். என்னைக் கொடுக்கச் சொன்னார். கொடுக்கும்போது கேட்டார்: "உங்கப்பா கடையில ஷூ இல்லீங்கல்ல கண்ணு? அதனால தப்பில்லையில்ல?" நான் "தப்பில்லீங்கக்கா" என்றேன். அந்த ஷூவில் உண்மையிலேயே தப்பில்லை. இன்றைக்கு யோசித்தாலும் அதுதான் என் பதில்.

ஆனால் ஒரு ஷூவுக்காக அவ்வளவு பெரிய கூடை எதற்குக் காலியாக வர வேண்டும்? அடுத்த தடவை ஒரு கிலோ துவரம்பருப்பும் வந்தது. அதற்கடுத்து எண்ணெய், சோப்பு. பக்கத்து லைனிலிருந்து மஞ்சள் துணி கட்டிய கூடை வந்தது, பிறகு நீலம், பிறகு எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் வீட்டிலிருந்து பச்சை. காபிப் பழம் பறிக்கிற காலம் வந்தபோது பதினோரு கூடைகள். துணியின் நிறத்தைப் பார்த்தே யாருடையது என்று எனக்குத் தெரியும். கண்டக்டர் அண்ணன் அவற்றை டிரைவருக்குப் பின்னால் இருக்கிற கம்பியில் வரிசையாக மாட்டுவார், அதற்குக் கீழே இருக்கிற சீட்டை எனக்கென்று வைத்திருப்பார். "கூடைக்காரம்மா வந்தாச்சு, நவுருங்க நவுருங்க" என்று கூட்டத்தை விலக்குவார். நின்றுகொண்டே போன பஸ்ஸில் உட்கார்ந்து படிக்க முடிந்தது. பெண்கள் எல்லாம் என்னைச் சாமி, கண்ணு என்று கூப்பிட்டார்கள். ஒரு அக்கா சேலத்திலிருந்து வந்த கூடையிலிருந்து ஒரு ஷாம்பு பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்து மூடினார். மறுநாள் வகுப்பில் யாரும் ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தேன். தினமும் கொஞ்சம் தெரியும், சீட்டில் உட்கார்ந்ததும் மறந்துவிடும்.

அப்பா ஒரு நாள் கடையிலிருந்து ரோட்டைப் பார்த்துக் கேட்டார். "அற்புதம் ரெண்டு வாரமாக் கடைப்பக்கம் காணோமே. கோயிலுக்கும் வரல. உடம்பு கிடம்பு சரியில்லையா?" என் கையில் சிவப்புத் துணி கட்டிய கூடை இருந்தது. பறிப்புக் காலத்தில் அற்புதம் அக்கா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார், அவ்வளவுதான். நான் "ஆமாங்கப்பா" என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. "சேலம் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காங்க. லைன்காரங்க சாப்பாடு குடுத்து விடறாங்க" என்றேன். அப்பா எழுந்து கண்ணாடி ஜாடியைத் திறந்து நாலு பன்னைக் காகிதத்தில் சுற்றினார். "ஆஸ்பத்திரியில வெறும் வயித்தோட மாத்திர குடுப்பாங்க. இத வெச்சிரு கண்ணு" என்று கூடைக்குள் வைத்தார்.

தினமும் வைத்தார். தன் கடையை மூடவைக்கிற கூடைக்குள் தன் கையாலேயே பன்னை வைத்தார். நான் அதைப் பஸ்ஸில் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வேன். எறிய மனம் வரவில்லை. இன்டர்வலில் மரத்தடியில் தனியாக நின்று தின்றேன். நல்ல பன், கொஞ்சம் சோம்பு வாசனையோடு இருக்கும். தின்னும்போது அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசிதான் அடங்கியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெப விண்ணப்பங்களைப் போதகர் வாசித்தார். அவர் வாசித்த மூன்றாவது சீட்டு அப்பா எழுதியது: "சேலம் ஆஸ்பத்திரியில் வியாதியாய் இருக்கும் சகோதரி அற்புதம் சுகமடைய." அன்றைக்குப் பார்த்துத்தான் அற்புதம் அக்கா கோயிலுக்கு வந்திருந்தார். தாமதமாக வந்ததால் பெண்கள் பக்கத்தில் கடைசிப் பாயில், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா முன்வரிசையில் கண்ணை மூடியிருந்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. போதகர் சீட்டிலிருந்து கண்ணை எடுத்து அற்புதம் அக்காவைப் பார்த்தார். எனக்குக் காதுக்குள் பஸ் போகிற மாதிரி சத்தம் கேட்டது. அக்கா என்னைப் பார்த்தார். கூடைகள் போகிற விஷயம் அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்பது எனக்கு எவ்வளவு முக்கியமோ, அவருக்கும் அவ்வளவு முக்கியம். மெதுவாக எழுந்து நின்றார். "ஸ்தோத்திரமுங்க ஐயா. எனக்குச் சொகமாயிருச்சுங்க" என்றார்.

அப்பா திரும்பிப் பார்த்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்? என் கண்ணெதிரில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஆராதனை முடிந்து வாசலில் அற்புதம் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பம்மா வந்தீங்க?"

"நேத்துங்கண்ணா."

"என்னவாமா இருந்துச்சு?"

"வயித்துலீங்க."

"நொம்பப் பத்தியமா இருக்கோணும். ஊட்டுக்குப் பார்லி குடுத்து விடறேன். காசு கீசுன்னு பேசக் கூடாது."

பார்லியை நான்தான் கொண்டுபோனேன். அக்கா வாங்கவில்லை, வாசற்படியில் வைக்கச் சொன்னார். "இத நான் எப்படிக் காய்ச்சிக் குடிக்கறது கண்ணு? தொண்டையில எறங்குமா?" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதன் பிறகு அவர் எங்கள் கடைக்கு முன்னால் நடப்பதையே விட்டுவிட்டார். பஸ்ஸுக்கு வர வேண்டுமென்றால் கடைக்குப் பின்னால் எஸ்டேட்டுக்குள் புகுந்து, காபிச் செடிகளுக்கு நடுவில் குனிந்து, அடுத்த ஸ்டாப்புக்குப் போனார். அவர் மட்டுமல்ல, மகனே. ஒரு வாரம் ஊரே அந்த ஜெபத்தைச் சொல்லிச் சிரித்தது. அடுத்த வாரம் சிரிப்பு நின்று, கூடை கொடுத்த ஒவ்வொருவருக்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. பருப்பையும் எண்ணெயையும் சேலத்தில் வாங்கினவர்கள், அதுவரை ஒரு தீப்பெட்டிக்கும் நாலு வெற்றிலைக்கும் எங்களிடம் வந்துகொண்டிருந்தார்கள். அவற்றையும் நிறுத்திவிட்டார்கள். பெரிய சாமான்கள் போனபோதும் கடை தாங்கிக்கொண்டது. தீப்பெட்டிக்கு ஆள் வராமல் போனபோதுதான் படுத்தது.

உனக்கு அம்மாவாக நான் சொல்ல வேண்டிய புத்தி ஒன்று இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது. கடை மூடுவது விலையால் என்று எல்லாரும் சொல்வார்கள். சேலத்தில் கொஞ்சம் மலிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்தது வேறு. ஒரு தடவை வெளியே வாங்கினவன் தன் ஊர்க் கடைக்காரனைப் பார்த்து வெட்கப்படுகிறான். அந்த வெட்கம் அவனை இரண்டாவது தடவையும் வெளியே போகச் சொல்கிறது. போகப் போக, அவனுக்கே அந்தக் கடைக்காரன்மேல் ஏதோ வருத்தம் இருந்த மாதிரி ஆகிவிடுகிறது. நீ எங்கே குடியிருந்தாலும் உன் தெருக் கடைக்காரரிடம் வாங்கு. அவர் உன் முகம் தெரிந்தவர், உனக்கு ஆறு கிலோ போதும் என்று சொல்லக்கூடியவர். எப்போதாவது வேறு இடத்தில் வாங்கினால், வாங்கின பையோடு நேரே அவர் கடைக்குப் போய், "இத அங்க வாங்கிட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு தீப்பெட்டி வாங்கு. பின்வழியாகப் போகாதே.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாததால் தன்னிடம்தான் குற்றம் தேடினார். எடைக்கற்களை எல்லாம் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய்ச் சரிபார்த்து வந்தார். சரியாகத்தான் இருந்தன. பருப்பு மூட்டைகளில் கையை விட்டு ஒவ்வொன்றாக மென்று பார்த்தார். கடைக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஒரு நாள் ரைட்டரை ரோட்டில் நிறுத்தி, நான் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார்: "ஏனுங்க ரைட்டரய்யா, எம்மேல சனங்களுக்கு எதாச்சும் வருத்தமுங்களா? எதாயிருந்தாலும் சொல்லுங்க, திருத்திக்கறேன்." ரைட்டர் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காலம் மாறிப் போச்சுங்க" என்றார். அன்று காலைதான் அவர் வீட்டுப் பச்சைத் துணிக் கூடையை நான் பஸ்ஸில் ஏற்றியிருந்தேன். அப்போது நான் சொல்லியிருக்கலாம். கண்டக்டர் அண்ணனிடம் இனிமேல் மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கூடைகளை அப்பாவின் கண்ணில் படாமல் அடுத்த ஸ்டாப்பில் ஏற்ற ஆரம்பித்தேன். நிறுத்தினால் ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள், கேட்டால் வெளியே வந்துவிடும், வந்தால் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவார். இப்படி யோசித்தே கூடைகளோடு போய்க்கொண்டிருந்தேன்.

இன்று சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை வாயைத் திறந்தாள். அவள் வீட்டு வாசலில்தான் மலை பஸ் எல்லாம் நிற்கும்.

"ஏன்டா தம்பி, உங்கூருப் பஸ்ஸுல கூடையா தொங்குதே, அதென்னடா? துணியெல்லாம் கட்டித் தேராட்டம் போகுது."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆஸ்பத்திரிக்குப் போற சாப்பாடுக்கா. நம்ம அற்புதம் இருந்தப்பக்கூட அப்படித்தான் போச்சு" என்றார்.

"நல்லாருக்குடா ஆஸ்பத்திரி. போறப்பக் காலியாப் போவுது, வாரப்ப எண்ணெயும் பருப்புமா நெறஞ்சு வருது. உங்கூருல நோயாளிங்க சமைச்சுக் குடுத்து அனுப்பறாங்களா?"

நான் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் கை தட்டில் அப்படியே நின்றது. பிறகு, "ரசம் ஊத்து கண்ணு" என்றார். ஊற்றினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அவருக்குப் புரிந்ததா, புரியவில்லையா, புரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தாரா, எனக்குத் தெரியாது. அத்தை பேச்சை ஓலைக்கு மாற்றிவிட்டாள். காகிதத்தில் என் பேரை முழுசாக எழுத வேண்டும் என்றாள்.

பிறகு பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும் கண்ணு. நானும் பொம்பளதான, லைன்ல பேசறது காதுல விழாமப் போவுமா?"

"அப்புறம் ஏம்மா அப்பாகிட்டச் சொல்லல?"

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை இருந்தது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூடிவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அந்தக் கடை இருக்கும்போதே ஒரு கிறிஸ்மஸுக்கு அம்மாவும் அப்பாவும் சேலத்துக்குப் போய் எங்களுக்குத் துணி எடுத்து வந்தார்களாம். ஆராதனைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனபோது, துணிக்கடைக்காரர் அப்பாவின் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்து, "துணி நல்லாருக்குங்க" என்றாராம். அதற்குப் பிறகு அம்மா அந்தக் கடைப்படி ஏறவில்லை. "உங்கப்பாவும் ஏறல. கோயிலுக்குப் போறப்ப ரோட்டுக்கு அந்தாண்டப் பக்கமாத்தான் நடப்பாரு. நீ கவனிச்சதில்ல" என்றாள்.

"அப்ப அப்பாவுக்கு இது புரியுமில்லம்மா?"

"புரியும். அதனாலதான் வேண்டாங்கறேன். அவரு கையில இப்ப மிஞ்சியிருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். தான் ஜெபம் பண்ணி அற்புதம் பொழச்சான்னு நெனச்சிட்டிருக்காரு. கடை போனாலும் அது இருக்கில்ல? அதையும் நீ புடுங்கப் போறியா? வாயை மூடிட்டுப் போய்ப் படு. அடிவாரம் என்ன சீமையா? நானும் கல்யாணம் பண்ணித்தான் வந்தேன், செத்தா போயிட்டேன்?"

படுத்தேன். தூக்கம் வரவில்லை. அப்புறம்தான் இங்கே வந்தேன்.

அம்மா சொன்னதை எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் அவள் சொல்வதில் பாதி சரி. நான் பேசினால் அப்பா இந்த ஊரில் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் போகலாம். என் முகத்தில் விழிப்பதே முதலில் கஷ்டம். என்னைப் பஸ்ஸில் ஏற விடாமல் இருக்கலாம், பரீட்சை அப்படியும் போய்விடும். ஓலை நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் பேசாவிட்டால் அவர், தனக்கே தெரியாத ஏதோ ஒரு குற்றத்துக்காக ஊர் தன்னை ஒதுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டே மலை இறங்குவார். அவர் எடைக்கல் சரியாக இருந்த மனுஷர், மகனே. அத்தை வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு அதையே யோசிப்பார். ரோட்டுக்கு அந்தப் பக்கமாக நடந்தவர் என்பதால்தான், இவர்கள் காபிச் செடிக்குள் குனிந்து போவது வெறுப்பால் இல்லை என்று இந்த ஊரில் அவருக்கு மட்டும் புரியும். புரிந்தால் அவரே லைனுக்குப் போய் அற்புதம் அக்கா வாசலில் நின்று, "ஷூவுக்கு எதுக்குங்க கூடை, எங்கிட்டச் சொல்லுங்க, நானே வரவழைச்சுத் தர்றேன்" என்று சொல்லக்கூடியவர். சொல்வாரா என்று தெரியாது. சொல்லக்கூடியவர் என்று மட்டும் தெரியும்.

நீ ஒன்றை யோசித்துப் பார்த்தாயா? எனக்கு இப்போதுதான் தோன்றியது. இதை நீ படிக்கிறாய் என்றால், அடிவாரத்தில் அத்தை வைத்த பேரோடு வளர்ந்தவனாக இருந்து படிக்கிறாய் என்றால், நான் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம். அப்படியானால் என்னை மன்னித்துவிடு. உன் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை நாகலூருக்கு வந்து, அவர்மேல் யாருக்கும் வருத்தம் இல்லை என்று நீயாவது சொல்லிவிடு. படிக்க யாரும் இல்லாமல் போனால் அதில் உனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. உன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ எனக்கு இந்த வழியாக வர வேண்டாம், அவ்வளவுதான் கேட்கிறேன்.

விடிந்துவிட்டது. அத்தையின் கட்டில் சத்தம் போடுகிறது, எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. முன்பக்கம் அப்பா கடைப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் ஒரு மணி நேரம் கடையைத் திறந்து வைப்பார். யாரும் வருவதில்லை, ஆனாலும் திறக்கிறார். அத்தை முகம் கழுவிவிட்டு வருவதற்குள் எனக்குக் கொஞ்ச நேரம் இருக்கிறது. உள்பக்கமாகப் போனால் பேச வராது. வெளியே சுற்றிப் போய், சாமான் வாங்க வருகிறவர்கள் நிற்கிற பக்கத்தில் நிற்கப் போகிறேன். நின்று முதலில் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன், வாய் குளறாமல் வருவதற்காக:

அப்பா, அற்புதம் அக்காவுக்கு ஒரு நாளும் உடம்புக்கு வந்ததில்லீங்க. உங்களப் பாக்க வெக்கப்பட்டுத்தான் வராம இருக்காங்க. கூடையத் தூக்கிட்டுப் போனது நான்.